திங்கட்கிழமை மட்டும் நெஞ்சு இறுகுவது ஏன்?

வேலையும் உடம்பும்: வாசகர் கேள்வி – பதில்

மில், தறி, ஜவுளிக்கடை, கல் பட்டறை, உப்பளம் என்று பல இடங்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் எங்காவது ஒரு வரி ஒரே மாதிரி இருக்கிறது: “இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.” எதற்கு அப்படிப் பொறுத்துப் பார்க்கலாம், எதற்கு ஒரு வாரம்கூடப் பார்க்கக் கூடாது என்பதைத்தான் இந்த முறை பதில்களில் பிரித்துச் சொல்ல முயன்றிருக்கிறோம். பதில் எழுதியவர்கள் தொழில்சார் மருத்துவமும் தொழிலாளர் சட்டமும் கையாள்பவர்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 41 வயது. ஸ்பின்னிங் மில்லில் பஞ்சைச் சீவிச் சுத்தம் செய்யும் கார்டிங் பிரிவில் 14 வருடமாக வேலை. ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை போனால் மத்தியானத்துக்குள் நெஞ்சு இறுகி இருமல் வந்துவிடுகிறது. செவ்வாய், புதனில் தானாகச் சரியாகிறது. எக்ஸ்ரே பார்த்துவிட்டு “ஒன்றுமில்லை” என்றார்கள். மில்லில் “திங்கட்கிழமை சோம்பேறித்தனம்” என்று கேலி பேசுகிறார்கள். இது பிரமைதானா? – வாசகி, ராஜபாளையம்

பதில்: பிரமை இல்லை. கிழமை பார்த்து வருவதுதான் இதன் அடையாளமே. பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ் என்ற மூச்சுக்குழாய் நோய் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

பேலை, அதாவது பஞ்சுப் பொதியைப் பிரித்துப் போடும்போது பஞ்சோடு இலைத்துணுக்கு, காய்த்தோல், காம்பு எல்லாம் பொடியாகிப் பறக்கின்றன. அந்தக் குப்பையில் வளரும் பாக்டீரியாவின் நச்சுப்பொருள் மூச்சுக்குழாயைச் சுருங்க வைக்கிறது. தினமும் தூசியில் நிற்கும்போது உடம்பு ஒரு மாதிரி பழகிக்கொள்கிறது. ஒரு நாள் விடுப்பில் அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. அதனால்தான் திங்களன்று முதலிலிருந்து இறுகுகிறது. வேலையிடத்தில் வரும் ஆஸ்துமா என்றால் வாரம் நகர நகர மோசமாகும், லீவில் தணியும். இங்கே வாரம் நகர நகரத் தணிகிறது. டாக்டரிடம் போகும்போது இந்த ஒரு வித்தியாசத்தை மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாதது ஆச்சரியமில்லை. கல் தூசி நுரையீரலில் விடும் வடு மாதிரி பஞ்சுத் தூசி விடுவதில்லை. படம் சுத்தமாகவே இருக்கும். பார்க்க வேண்டியது ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதிப் பார்க்கும் சோதனை. அதையும் ஒரு முறை எடுத்தால் போதாது. திங்களன்று வேலைக்குள் நுழையும் முன் ஒன்று, 6 மணி நேரம் கழித்து ஒன்று. முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவு இரண்டுக்கும் நடுவே 10 சதவீதம் குறைந்திருந்தால் தூசியைத் தாராளமாகச் சந்தேகிக்கலாம்.

அந்த வசதி பக்கத்தில் இல்லையென்றால் மருந்துக்கடையில் பீக் ஃப்ளோ மீட்டர் வாங்குங்கள். நின்றுகொண்டு, மூச்சை முழுக்க இழுத்து, குழாயைச் சுற்றி உதட்டை இறுக்கி, ஒரே வீச்சில் ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, அதில் பெரிய எண்ணை மட்டும் எழுதுங்கள். காலை எழுந்ததும், ஷிப்ட் ஏறுமுன், ஷிப்ட் நடுவில், இறங்கியதும், படுக்குமுன் என்று நான்கு வாரம், ஞாயிறும் விடாமல். பக்கத்திலேயே அன்று எந்த மெஷினில் நின்றார் என்றும் எழுத வேண்டும். இந்த நோட்டு பல சமயம் டாக்டரின் சீட்டைவிடப் பின்னாளில் அதிகம் பேசும்.

மில்லில் மாற்ற வேண்டியது என்ன? ஷிப்ட் முடிவில் ஏர் அடித்து மெஷினையும் அதே ஏரால் சட்டையையும் சுத்தம் செய்வார்கள். தரையில் அடங்கிக் கிடந்த தூசியைத் திரும்ப மூக்கு உயரத்துக்குக் கிளப்பும் வேலை அது. வேக்கம் வைத்து இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏர் அடிக்கும் நேரத்தில் மற்றவர்களாவது வெளியே நிற்க வேண்டும். முகத்தில் கட்டும் கைக்குட்டை இழையைத் தடுக்கும், நோயைத் தரும் நுண்தூசியைத் தடுக்காது. என்-95 மாஸ்க் தேவை. மூக்குக் கம்பியை அழுத்திப் படிய வைக்காவிட்டாலும் தாடி இருந்தாலும் காற்று ஓரத்தில் புகுந்துவிடும். பீடி, சிகரெட் இருந்தால் தூசியின் கேடு பல மடங்கு.

மிக முக்கியமானது இடமாற்றம். பேல் பிரிக்கும் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும்தான் தூசி அதிகம். நூல் சுற்றும் கோன் வைண்டிங், பேக்கிங் போன்ற இடங்களில் குறைவு. இன்ஹேலரை இழுத்துக்கொண்டு அதே கார்டிங்கில் நிற்பது, ஓட்டை மாற்றாமல் ஒழுகும் இடத்தில் குண்டான் வைப்பது போலத்தான். திங்கள் மட்டும் இறுக்கம் இருக்கும் கட்டத்தில் விலகினால் பெரும்பாலும் மீண்டுவிடலாம். வாரம் முழுக்க இறுக்கம் என்ற கட்டம் வந்தபின் மீள்வது கொஞ்சம்தான். உங்கள் வீட்டுக்காரர் இப்போது முதல் கட்டத்தில் நிற்கிறார். பொறுத்துப் பார்க்கும் இடம் இது இல்லை.

கேள்வி: நாடாத் தறி 12 ஓடும் குடோனில் 20 வருடமாக ஓட்டுகிறேன். டிவி சத்தம் கேட்கிறது, பேசுவது புரியவில்லை. மனைவி கூப்பிட்டால் கோபத்தில் கத்துகிற மாதிரி இருக்கிறது. காதுக்குள் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம் ராத்திரியில். காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் போதுமா? – வாசகர், சோமனூர்

பதில்: போதாது. பஞ்சு தடுக்கும் சத்தம் மிகச் சொற்பம்.

நாடாத் தறி ஓடும் கூடத்தில் சத்தம் 95 முதல் 100 டெசிபல் வரை போகும். தொழிற்சாலை விதிப்படி 90 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். 95 என்றால் 4 மணி, 100 என்றால் 2 மணி. 12 மணி நேர ஷிப்டில் இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கருவி இல்லாமல் தெரிந்துகொள்ள ஒரு வழி: ஒரு கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால் அந்தச் சத்தம் காதுக்கு ஆகாது.

பேச்சு கேட்கிறது, வார்த்தை பிடிபடவில்லை என்கிறீர்களே, அதுதான் சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மையின் தொடக்கம். முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் அருகில் உள்ள கீச்சுச் சத்தங்கள். ‘ஆ’, ‘ஓ’ எல்லாம் கேட்கும். ‘ச’, ‘ஸ’, ‘த’, ‘ப’ கரைந்துபோகும். ‘தட்டு’, ‘பட்டு’ இரண்டும் ஒன்றாகத் தோன்றும். உள்காதின் முடிச்செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. இதற்கு மாத்திரை கிடையாது. யாராவது டானிக் எழுதிக் கொடுத்தால் காசுதான் போகும். இருப்பதைக் காப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

ஆடியோகிராம், அதாவது காது கேட்கும் அளவைப் பார்க்கும் சோதனை எடுங்கள். ஆனால் ஷிப்ட் முடிந்த கையோடு போகாதீர்கள். 16 மணி நேரமாவது தறிச் சத்தத்தை விட்டு விலகியிருந்தபின் எடுத்தால்தான் தற்காலிக மரமரப்பு விலகி உண்மையான அளவு தெரியும்.

நுரை இயர் ப்ளக்கை நிறையப் பேர் காது வாசலில் சொருகிவிட்டு, “போட்டும் பயனில்லை” என்கிறார்கள். கையைக் கழுவி, ப்ளக்கை மெல்லிய திரி போல உருட்டுங்கள். எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதின் மேல்நுனியை மேலும் பின்னுமாக இழுத்தால் துளை நேராகும். உள்ளே விட்டு 30 நொடி விரலால் பிடித்திருங்கள். சரியாகப் போயிருந்தால் உங்கள் குரலே குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கும். நூல் அறுந்தாலோ நாடா சிக்கினாலோ சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்போம், ப்ளக் போட்டால் தெரியாதே என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் எல்லாச் சத்தமும் சேர்ந்தே இறங்குவதால் தறியின் தாள மாற்றம் ஒரு வாரப் பழக்கத்தில் பிடிபட்டுவிடும். இடையில் கழற்றாதீர்கள். 25 டெசிபல் குறைக்கும் ப்ளக்கை 8 மணி நேரத்தில் அரை மணி கழற்றி வைத்தாலே மொத்தப் பயன் 12 டெசிபலுக்கு இறங்கிவிடும்.

நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கர் தேய்ந்தால் மாற்றுவது, போல்ட்டை முடுக்குவது, தறிக்காலுக்கு ரப்பர் அடிப்பட்டை கொடுப்பது எல்லாம் தறி முதலாளிக்கும் லாபம்தான். குடோனோடு ஒட்டிய அறையில் குழந்தைகளைத் தூங்க வைப்பதை மட்டும் எப்படியாவது தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: பெரிய ஜவுளிக்கடையில் புடவை செக்‌ஷனில் காலை 9.30 முதல் ராத்திரி 9 வரை நிற்கிறேன். வயது 29. கெண்டைக்காலில் பச்சை நரம்பு புழு மாதிரி புடைத்திருக்கிறது. கடையில் உட்காரக் கூடாது. உட்காரும் சட்டம் வந்துவிட்டது என்கிறார்களே? – வாசகி, மதுரை

பதில்: வந்துவிட்டது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியருக்கும் இருக்கை தர வேண்டும். வேலை நேரம் முழுக்க நின்றபடியே இருக்கும் நிலை வரக் கூடாது. கேரளம் 2018-லேயே இதைச் செய்தது. சட்டத்தில் ஓட்டை ஒன்று உண்டு: உட்கார ‘வாய்ப்புக் கிடைக்கும்போது’ உட்காரலாம் என்பதுதான் வாசகம். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் மடித்து அடுக்கச் சொல்லிவிட்டால் வாய்ப்பு எங்கிருந்து வரும்? ஆகவே தனியாகக் கேட்காமல், செக்‌ஷனில் உள்ளவர்கள் சேர்ந்து, கவுண்டருக்குப் பின்னால் எத்தனை ஸ்டூல், எந்த நேரத்தில் யார் என்று எழுத்தில் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் உங்கள் பகுதித் தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் மனுக் கொடுக்கலாம்.

இனி கால். பாதத்திலிருந்து ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்காலின் தசை. நடந்தால் அது பிழிகிறது. அசையாமல் நின்றால் சும்மா இருக்கிறது. ரத்தம் கீழேயே தேங்கி, நாம் நரம்பு என்று சொல்லும் ரத்தக்குழாய் விரிந்து, அதற்குள் இருக்கும் வால்வுகள் மூட முடியாமல் போகின்றன. அரை மணிக்கு ஒருமுறை குதிகாலை 20 தடவை உயர்த்தி இறக்குங்கள். புடவையை விரித்துக் காட்டிக்கொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது. கவுண்டருக்கு அடியில் 10, 15 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பலகை வைத்து, கால் மாற்றி மாற்றி ஏற்றி வையுங்கள்.

இறுக்கும் காலுறையை டாக்டர் அளவு சொன்னபின் வாங்குங்கள். கணுக்காலையும் கெண்டைக்காலையும் காலையில், வீக்கம் ஏறும் முன் அளக்க வேண்டும். கட்டிலை விட்டு இறங்கும் முன்பே போட வேண்டும்; குளித்து, சமைத்து, பஸ் ஏறும் முன் போட்டால் பாதிப் பயன்தான். மேல்விளிம்பு சுருண்டு இறங்கினால் அது கயிறு கட்டியது போல ரத்தத்தைத் தடுக்கும், உடனே சரிசெய்யுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் கால் நாடியைச் சோதிக்காமல் இதைப் போடவே கூடாது.

கழிவறைக்கு விடமாட்டார்கள் என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது உங்கள் தொழிலில் நரம்பு நோயைவிட அதிகம். சிறுநீர்க் கடுப்பு அடிக்கடி வந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். கணுக்காலின் உள்பக்கம் தோல் கறுத்து அரித்தால் புண் வரப்போகிறது என்று அர்த்தம், அந்த மாதமே காட்டுங்கள். ஒரே காலில் மட்டும் திடீரென்று வீக்கமும் வலியும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ரத்தக்கட்டு நுரையீரலுக்குப் போகக்கூடும்.

கேள்வி: சமையல் மேடைக்குக் கிரானைட்டும் இப்போது செயற்கைக் குவார்ட்ஸும் வெட்டி பாலிஷ் போடுகிறேன். மூன்று மாதமாக வறட்டு இருமல், படியேறினால் இளைப்பு. டிபி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், குறையவில்லை. – வாசகர், ஓசூர்

பதில்: டாக்டரிடம் என்ன வேலை என்று சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே தோன்றுகிறது. கிரானைட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சிலிக்கா. செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளில் அது 90 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். இளவயதுத் தொழிலாளர்கள் சில வருடங்களிலேயே நோயாளியானதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்தது. சிலிக்காத் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் எக்ஸ்ரேயில் டிபி மாதிரியே தோன்றக்கூடும். தவிர, சிலிக்கோசிஸ் உள்ளவருக்கு டிபி வரும் அபாயமும் அதிகம், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அதனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சளியில் கிருமி இருந்ததா என்று கேட்டு, சி.டி. ஸ்கேனும் ஊதும் சோதனையும் எடுக்கச் சொல்லுங்கள்.

சிலிக்கா நுரையீரலில் விட்ட வடு ஆறாது. வேலையை விட்டபின்னும் சில சமயம் வளரும். ஆகவே உலர் வெட்டு இன்றோடு போதும். பிளேடு மேல் தண்ணீர் விடாமல் விழும் மெஷின்தான் வேண்டும்; வாளியிலிருந்து அவ்வப்போது தெளிப்பது கணக்கில் வராது. தரையில் வழிந்த சேறு காய்ந்தால் அதுவே மறுபடி தூசி, ஈரமாக இருக்கும்போதே அள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் தூசியைவிடத் தெரியாததுதான் நுரையீரலின் அடிவரை போகும். “தூசி அடங்கிவிட்டது” என்று மாஸ்க்கைக் கழற்றும் நேரத்திலும் அது காற்றில்தான் மிதக்கிறது. வேலைத் துணியோடு வீட்டுக்குப் போகாதீர்கள்.

கேள்வி: உப்பளத்தில் வாருகிற வேலை. இடுப்பு வலிக்குத் தினம் ஒரு டைக்ளோஃபெனாக். தொடரலாமா? – வாசகர், தூத்துக்குடி

பதில்: கூடாது. வெயிலில் தண்ணீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கு ரத்தம் ஏற்கனவே குறைவாகப் போகிறது. இந்த வகை மாத்திரை அதை இன்னும் சுருக்கும். பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு. வலிக்குப் பாரசிட்டமாலை அளவோடு எடுங்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய ஒருமுறை ரத்தத்தில் கிரியாட்டினின் பாருங்கள். தாகம் வரும்வரை காத்திராமல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், கால் லிட்டர் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். நடுநடுவே நீர்மோரோ நீராகாரமோ. சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி, தேநீர் நிறத்துக்குப் போனால் அன்று வாருவதை நிறுத்துங்கள். சுமை ஏற்றும்போது இடுப்பைத் திருப்பாமல் காலை எடுத்து வைத்துத் திரும்பினாலே பாதி வலி குறையும்.

கேள்வி: பனியன் கம்பெனியில் கட்டிங் மெஷினில் என் மகனின் ஆள்காட்டி விரல் இரண்டு கணு போய்விட்டது. இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு. ஆறி, அதே சம்பளத்தில் மறுபடி சேர்ந்துவிட்டான். இனி எதுவும் கிடைக்காது என்கிறார்கள். – வாசகர், திருப்பூர்

பதில்: தவறாகச் சொல்கிறார்கள். பழைய சம்பளமே வாங்கினாலும் நிரந்தர ஊனப் பலன் தனியாக உண்டு, ஆயுள் முழுக்க.

இஎஸ்ஐ-யில் மூன்றைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சாதாரணக் காய்ச்சல், ஆபரேஷன் என்றால் நோய்ப் பலன்: தினச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை, அதற்கு ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலையில் காயமோ, பட்டியலில் உள்ள தொழில் நோயோ என்றால் தற்காலிக ஊனப் பலன்: 90 சதவீதம், குணமாகும்வரை, சந்தா நாள் கணக்கு இல்லை, சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. மூன்றாவதுதான் உங்கள் மகனுக்கு உரியது. மருத்துவக் குழு சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனது என்று முடிவு செய்யும். ஆள்காட்டி விரலில் இரண்டு கணு என்றால் அட்டவணைப்படி 11 சதவீதம். தினச் சம்பளம் 600 என்று வைத்துக்கொண்டால் அதில் 90 சதவீதம் 540; அதில் 11 சதவீதம் 59 ரூபாய் 40 காசு. 30 நாள் மாதத்துக்கு 1,782 ரூபாய்.

கிளை அலுவலகத்தில் மருத்துவக் குழுவுக்கு அனுப்பக் கேட்டு எழுதிக் கொடுங்கள். பல கேஸ்கள் கெட்டுப்போவது முதல் நாள் ஓ.பி. சீட்டில்தான். கூட வந்த சூப்பர்வைசர் “கதவில் நசுங்கியது” என்று சொல்லிவிடுவார், அதுவே பதிவாகிவிடும். விபத்து எங்கே, எந்த மெஷினில், எத்தனை மணிக்கு என்று சீட்டில் இருக்கிறதா, நிர்வாகம் இஎஸ்ஐ-க்கு விபத்து அறிக்கை அனுப்பியதா, இரண்டையும் இப்போதே பாருங்கள். அனுப்பவில்லை என்றால் கூட வேலை செய்தவர்கள் இரண்டு பேரின் எழுத்து வாக்குமூலத்தையாவது சேர்த்து வையுங்கள். குழு போட்ட சதவீதம் குறைவு என்று தோன்றினால் மேல்முறையீடு உண்டு. அதற்குக் கெடு இருப்பதால் உத்தரவு வந்த தேதியைக் குறித்து வையுங்கள்.

பஞ்சுத் தூசி, சிலிக்கா, சத்தத்தால் செவிடு மூன்றும் இஎஸ்ஐ-யின் தொழில் நோய்ப் பட்டியலில் உள்ளவைதான். சில நோய்களுக்கு அந்த வேலையில் இத்தனை காலம் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால், மில் மாறும்போது பழைய சம்பளச் சீட்டையும் அடையாள அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். இஎஸ்ஐ இல்லாத இடங்களில் இழப்பீடு தர வேண்டியவர் முதலாளி. மனு தொழிலாளர் துணை ஆணையரிடம்.

கேள்வி: தம்பிக்கு பி.எஃப். பிடிக்கத் தொடங்கி 2 வருடம்தான். சொந்த ஊரில் பைக் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. பென்ஷனுக்கு 10 வருடம் வேண்டுமாமே? – வாசகி, கரூர்

பதில்: 10 வருடக் கணக்கு வயதுக்கான பென்ஷனுக்கு. 1995-ம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் முழுமையான நிரந்தர ஊனத்துக்கு ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே போதும். விபத்து வேலையிடத்தில்தான் நடந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. பணியில் இருந்த காலத்தில் நடந்ததா, அப்போது செய்ய முடிந்த எந்த வேலையையும் இனிச் செய்ய முடியாதா என்பதைத்தான் பார்ப்பார்கள். 10-டி படிவத்தை நிறுவனத்தின் வழியாகக் கொடுங்கள், பி.எஃப். அலுவலகம் மருத்துவக் குழுவுக்கு அனுப்பும். ராஜினாமாக் கடிதம் கேட்டால் அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பி.எஃப். பணத்தோடு பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுக்க 10-சி படிவத்தை யாராவது நீட்டினால் அதில் கையெழுத்துப் போடக் கூடாது. எடுத்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.